ஒரே எண்ணில் இரண்டு மதிப்புகள்: பாம்பு பிடிக்கும் திறனையும் பாம்புகளின் தொகையையும் அளத்தல் குறித்து

ஆய்வுச் சுருக்கம்

இருளர் சமூகத்தாரின் பாம்பு பிடிக்கும் திறனைப் பற்றிய எழுத்துகள், பிடிபட்ட பாம்புகளின் எண்ணிக்கையையே அத்திறனுக்குச் சான்றாகக் கொள்கின்றன. அதே எண்ணிக்கையைக் கொண்டு பாம்புகள் பெருகின, அருகின என்று பேசுவோரும் உளர். அறியப்படாத இரண்டு மதிப்புகளுக்கு ஓர் எண் ஒருசேரச் சான்றாக முடியாது. அவ்விரண்டையும் பிரித்தறியும் வழிகள் தொழிற்சாலைப் புள்ளியியலிலும் சூழலியலிலும் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. தமிழில் நிகழும் மரபறிவு ஆய்வுகள் அவற்றைக் கைக்கொள்ளாமையால் இழப்பது யாது என்பதை இக்கட்டுரை விவாதிக்கிறது.

திறவுச்சொற்கள்: இருளர், மரபறிவு, கண்டறியும் வாய்ப்பு, குறியிட்டு மீளப்பிடித்தல், களஆய்வு முறையியல்.

பெட்டியும் மணிகளும்

சென்னையின் மேற்கே உள்ள பாடி, தேவாரப் பாடல் பெற்ற திருவலிதாயம் கோயிலாலும் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலைகளாலும் அறியப்படும் ஊர். இங்குள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-ஆம் ஆண்டில் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. இதே ஊரின் லூகாஸ் டிவிஎஸ் 2004-ஆம் ஆண்டில் அதனைப் பெற்றது. தரம் குறித்த இப்பரிசு எவர் பெயரால் வழங்கப்படுகிறதோ அந்த எட்வர்ட்ஸ் டெமிங், தம் வகுப்புகளில் ஒரு செயல்விளக்கத்தை நடத்திக்காட்டுவது வழக்கம். இக்கட்டுரையின் வாதம் அதிலிருந்தே தொடங்குகிறது.

ஒரு பெட்டியில் 4,000 மணிகள் இருக்கும். அவற்றுள் 3,200 வெள்ளை, 800 சிவப்பு. வகுப்பிலிருந்து சிலர் தொழிலாளர்களாக அழைக்கப்படுவர். ஐம்பது குழிகள் உள்ள பலகையைப் பெட்டிக்குள் விட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒரு மணி தங்குமாறு வெளியே எடுக்க வேண்டும். வெள்ளை மணி நல்ல பொருள், சிவப்பு மணி பழுது. ஒருவர் பலகையில் ஐந்து சிவப்பு வரும், இன்னொருவர் பலகையில் பதினான்கு வரும். மேலாளராக நடிக்கும் டெமிங், முன்னவரைப் பாராட்டிப் பின்னவரைக் கடிந்துகொள்வார். மறுசுற்றில் பாராட்டுப் பெற்றவரே மிகுதியான சிவப்பை எடுப்பார். நான்கு சுற்றுகளுக்குள் வகுப்பு முழுவதும் சிரித்துவிடும். எடுத்தவர் கையில் எதுவும் இல்லை என்பதும், பெட்டிக்குள் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு என்பதே அவ்வெண்களை ஆக்கியது என்பதும் அப்போது விளங்கும்.

என் தந்தையார் பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் இயந்திரத்தில் வேலை செய்தவர். மணிக்கொருமுறை தாம் கடைந்த துண்டுகளை மைக்ரோமீட்டரால் அளந்து, இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கும் வரைபடத்தில் தாமே புள்ளி வைப்பார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. "கோட்டுக்குள்ள இருக்கிறவரைக்கும் மெஷினைத் தொடக்கூடாது, தொட்டா கெடும்" என்று வீட்டில் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1924-ஆம் ஆண்டில் வால்டர் ஷூவார்ட் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் சாரம் அதுவே என்று பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான் அறிந்தேன். எந்த ஏற்ற இறக்கம் செய்பவரால் நேர்வது, எது அவர் வேலைசெய்யும் அமைப்பிலேயே உள்ளது என்று பிரித்தறிந்த பின்னரே ஒருவரை நல்ல வேலையாள் என்றோ மோசமான வேலையாள் என்றோ சொல்ல இயலும்.

என் முனைவர் பட்ட ஆய்வு தொழிற்சாலை பற்றியது அன்று. 2018 வரை பாடியையும் தன் எல்லைக்குள் கொண்டிருந்த திருவள்ளூர் மாவட்டத்தில் வாழும் இருளர்களின் வேட்டைசார் வழக்குச்சொற்கள் பற்றியது. ஆயினும் அவர்கள் திறனைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தொகுத்துப் படிக்கப் படிக்க அந்த மணிப்பெட்டியே நினைவுக்கு வந்தது. ஒருவர் ஒரு நாளில் மூன்று பாம்புகளைப் பிடித்தார் என்றால், அந்த மூன்றில் அவர் கண்ணின் பங்கு எவ்வளவு, அந்த நிலத்தில் இருந்த பாம்புகளின் பங்கு எவ்வளவு? இவ்வினாவை எழுப்பிய கட்டுரை எதுவும் என் தொகுப்பில் இல்லை.

உடலை அளந்த முறை

1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். இருளர் பற்றிய பதிவு இரண்டாம் தொகுதியில் உள்ளது. தலையின் நீள அகலம், உடலின் உயரம், மூக்கின் அளவு ஆகியவற்றை அவர் கருவிகொண்டு அளந்தார். மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கி வரும் எண்ணைக் கொண்டு மக்களை வரிசைப்படுத்தலாம் என்பது அக்காலத்து நம்பிக்கை. அந்த எண் எதையும் விளக்கவில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆட்சியின் பார்வையில் இருளர் அளக்கப்படும் பொருளாக இருந்தனர், அளப்பவராக இல்லை என்ற விமரிசனமும் நாம் அறிந்ததே. இவற்றைத் திரும்பச் சொல்வதில் பயன் குறைவு.

தர்ஸ்டனை எளிதில் கடந்துவிட முடியாத ஓரிடம் உண்டு. அவர் அளந்தது தவறான பொருள். ஆனால் சராசரியையும் உச்ச அளவையும் தம் அட்டவணைகளில் தந்தார். ஒருவருக்கும் மற்றொருவருக்கும் வேறுபாடு உண்டு என்பதை அவ்வட்டவணை மறைக்கவில்லை. நூறாண்டுகளுக்குப் பின் இருளர்மேல் மதிப்போடு எழுதப்படும் நம் கட்டுரைகளில் அந்த வேறுபாடு காணாமற்போய்விட்டது. "இருளர் தடம் கண்டே பாம்பின் வகையை அறிவர்" என்பது போன்ற தொடர்களை நாம் எழுதுகிறோம். அறிவர் என்ற வினைமுற்றை நோக்குக. வழக்கத்தை உணர்த்தும் அவ்வெதிர்கால முற்றும் பலர்பால் விகுதியும் சேர்ந்து ஒரு சமூகம் முழுவதையும் ஒரே ஆளாக்கிவிடுகின்றன. பத்து வயதுச் சிறுவனும் அறிவானா? செங்கல் சூளையில் பிறந்து வளர்ந்தவரும் அறிவாரா? பத்துத் தடங்களைக் காட்டினால் எத்தனையைச் சரியாகச் சொல்வார்? வினைமுற்றின் இலக்கணமே இவ்வினாக்களை எழவிடாமல் செய்துவிடுகிறது. மொழி ஆய்வாளர்களாகிய நாம் இதனை மற்றவர்களுக்கு முன்பே கவனித்திருக்க வேண்டும்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1.9 லட்சம் இருளர் வாழ்கின்றனர். அவர்களுள் பாம்பு பிடிப்போர் மிகச் சிலரே. பெரும்பான்மையோர் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் தோப்புகளிலும் கூலிவேலை செய்கின்றனர். திறன் ஒரு சமூகத்தின் பிறவிக்குணம் என்று எழுதுவது புகழ்ச்சிபோலத் தோன்றினாலும், அது தர்ஸ்டன் மூக்கில் தேடியதை நாம் கண்ணில் தேடுவதாகும்.

வினாநிரலும் எதிர்வினாக்களும்

இக்குறை என் ஆய்விலும் இருந்தது. திருவள்ளூர் மாவட்டக் குடியிருப்பு ஒன்றில் முதல் களப்பணிக்குச் சென்றபோது முப்பது வினாக்கள் கொண்ட வினாநிரலை எடுத்துச்சென்றேன். நான்காவது வினா, "பாம்பு இருக்கும் வளையை எவ்வாறு அறிவீர்கள்?" என்பது. சிறுவயதில் தந்தையோடு தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பழகி, இப்போது வயல்களில் எலி பிடித்தும் கூலிவேலை செய்தும் வாழும் பெரியவர் ஒருவர் அதனைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்தப் பாம்புன்னு சொல்லு கண்ணு. மழைக்கு முன்னாடியா, பின்னாடியா? வரப்பா, கரம்பா? காலைல போறோமா, வெயிலு ஏறுனப்புறமா?"

நான் பொதுவாகச் சொல்லுமாறு கேட்டேன். "பொதுவா எந்தப் பாம்பு இருக்கு?" என்றார். அருகில் அமர்ந்திருந்த அவருடைய மனைவி, "அவருகூட யாரு போறாங்கன்னும் கேளு. நானு போனா ஒண்ணு, தனியா போனா ஒண்ணு" என்றார்.

அன்று மாலை அறைக்குத் திரும்பி அவ்வினாவுக்கு எதிரே "தெளிவான விடை இல்லை" என்று எழுதிவைத்தேன். அக்குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர்கள் விடை தராமல் இல்லை. என் வினாநிரல் விட்டுவிட்ட மாறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தனர்: இனம், பருவம், நிலத்தின் வகை, பொழுது, உடன்செல்வோர். சூழலியலாளர் ஒருவர் களத்தேடலைத் திட்டமிடும்போது குறித்துக்கொள்ளும் பட்டியலும் ஏறத்தாழ இதுவே. தம் வெற்றி எதைச் சார்ந்தது என்பதை அளவையியலின் மொழியில் அவர்கள் எனக்குக் கூறினர். நான் அதைக் கருத்துத் தெளிவின்மை என்று பதிந்தேன்.

புளோரிடாவில் 13

இருளர் திறன் பற்றி அண்மைக்காலத்தில் மிகுதியும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு 2017-ஆம் ஆண்டினது. செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்கு அழைத்துச்செல்லப்பட்டனர். அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில், ஆசியாவிலிருந்து வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டுத் தப்பிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகிவிட்டன. புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் மசோட்டி குழுவினரோடு இருவரும் பணியாற்றினர். முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகள் பிடிபட்டன. கீ லார்கோ தீவில் ஏறத்தாழ 16 அடி நீளமுள்ள பெண்பாம்பு ஒன்றும் அவற்றுள் அடங்கும். இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதனோடு வழக்கமாக ஒப்பிடப்படுவது அம்மாநிலம் நடத்திய மலைப்பாம்புப் போட்டி. 2013-இல் ஏறத்தாழ 1,600 பேர் பதிவுசெய்துகொண்டு ஒரு மாதத்தில் 68 பாம்புகளைப் பிடித்தனர். 2016-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 106 பாம்புகளைப் பிடித்தனர். இரண்டு பேர் 13, ஆயிரம் பேர் 106. இந்த இரு எண்களையும் அருகருகே வைத்தால் மேலும் சொல்ல எதுவும் இல்லை என்பதுபோல் பல கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன.

எனக்கும் அந்த எண்கள் பெருமிதம் தருவனவே. ஆனால் ஆய்வேட்டில் அவற்றை அவ்வாறே எழுத என்னால் இயலவில்லை. போட்டிக்குப் பெயர் கொடுத்தோர் எத்தனை மணிநேரம் தேடினர் என்பது பதிவுசெய்தோர் எண்ணிக்கையில் தெரியாது. ஒருநாள் சென்றவரும் முப்பது நாள் சென்றவரும் அங்கே ஒன்றே. தேடிய இடங்கள் வேறு, ஆண்டு வேறு. இருளர் இருவரும் அறிவியலாளரோடும் உள்ளூர் வழிகாட்டிகளோடும் சென்றனர். பெரும்பாலோர் வண்டிப்பாதையிலும் கரைகளிலும் தேடுகையில், இவர்கள் புதர்களுக்குள் புகுந்து, உரித்த சட்டை, எச்சம், தடம் ஆகியவற்றைத் தொடர்ந்து சென்றனர் என்று உடனிருந்தோர் கூறியுள்ளனர். என் பார்வையில் 13 என்ற எண்ணைவிட இச்செய்தியே திறனுக்கு வலுவான சான்று. தேடும் முறையே வேறு என்பதை அது காட்டுகிறது. எண்ணோ பெட்டிக்குள் எத்தனை சிவப்பு மணிகள் இருந்தன என்று தெரியாத நிலையில் எடுக்கப்பட்ட ஒரு பலகை.

பெட்டிக்குள் எத்தனை என்பது அங்கே எவருக்கும் தெரியாது. எவர்கிளேட்ஸில் இரவில் சாலைவழிச் சென்று பாலூட்டிகளை எண்ணிய ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. மைக்கேல் டார்கஸ் உள்ளிட்டோர் எழுதியது. மலைப்பாம்புகள் பெருகுமுன் எடுத்த கணக்கோடு ஒப்பிடுகையில் ரக்கூன்களைக் காணல் 99.3 விழுக்காடும், ஒப்போசம்களைக் காணல் 98.9 விழுக்காடும், பாப்கேட் பூனைகளைக் காணல் 87.5 விழுக்காடும் குறைந்துவிட்டதாக அவர்கள் கண்டனர். ஓட்டிய தொலைவு குறிக்கப்பட்டிருந்ததால் இந்த ஒப்பீடு இயன்றது. இரைகளின் வீழ்ச்சியைப் பத்தில் ஒரு விழுக்காடு வரை சொல்ல முடிந்தவர்களால் அவற்றைத் தின்ற பாம்புகள் எத்தனை என்று சொல்ல முடியவில்லை. காரணம், ஒரு மலைப்பாம்பு இருக்கும் இடத்திலேயே தேடினாலும் அதனைக் காணும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நிலவியல் அளவாய்வகம் கூறுகிறது.

இந்த நூற்றில் ஒன்று என்பதில்தான் மனிதத் திறனும் இயற்கை அமைப்பும் ஒன்றோடொன்று பிணைகின்றன. தேடுவோர் காணும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால், ஒரு பாம்பைக் கண்டது நூறு பாம்புகள் உள்ளன என்பதற்கு அடையாளம். கைதேர்ந்த ஒருவர் காணும் வாய்ப்பு நூற்றில் ஐந்து என்று வைத்துக்கொண்டால், அவர் கண்ட ஒன்று இருபது பாம்புகளுக்கே அடையாளம். ஆகவே இருளரின் திறன் எவ்வளவு என்று அறியாமல் அவர்கள் பிடித்த எண்ணைக் கொண்டு பாம்புகளின் தொகையை மதிப்பிட முடியாது. பாம்புகளின் தொகையை அறியாமல் அவர்கள் திறனையும் மதிப்பிட முடியாது. வானொலிக் கருவி பொருத்தப்பட்டு இருப்பிடம் அறியப்பட்ட பாம்புகள் அம்மாநிலத்தில் ஆய்வுக்காக விடப்பட்டுள்ளன. அத்தகைய பாம்புகள் உள்ள பகுதியில், இடம் சொல்லாமல் தேடச்செய்து, எத்தனையில் எத்தனை கண்டனர் என்று குறித்தால் அதுவே திறனின் அளவு. பிணைப்பு அங்கே அவிழ்கிறது.

செதிலில் இட்ட குறி

அத்தகைய கருவிகள் இல்லாமலும் பிணைப்பை அவிழ்க்கலாம். அதற்கான மூலப்பொருள் நம் கண்முன்னே வடநெம்மேலியில் நெடுங்காலமாக இருந்துவருகிறது என்பதே இக்கட்டுரையின் முதன்மைக் கருத்து.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடையும் தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர்களின் பிழைப்பை முடித்துவைத்தன. ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு வகைகளை வனத்துறை அனுமதியோடு உறுப்பினர்கள் பிடித்துவருவர். ஏறத்தாழ மூன்று வாரம் பானைகளில் வைத்து, அதற்குள் நான்கு முறை நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். விடுமுன் வயிற்றுச் செதிலில் சிறு வெட்டுக்குறி ஒன்று இடப்படும். அண்மையில் நஞ்செடுத்த பாம்பு மறுபடியும் வந்துவிட்டால் அடையாளம் கண்டு விட்டுவிடுவதற்காக இந்த ஏற்பாடு. சிலமுறை சட்டை உரித்தபின் குறி மறையும்.

சூழலியல் பாடநூல்களில் குறியிட்டு மீளப்பிடித்தல் என்று முதல் இயலில் வருவது இதுவே. ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். ஒரு பகுதியில் 200 பாம்புகள் குறியிட்டு விடப்படுகின்றன. பின்னர் அதே பகுதியில் 150 பிடிபடுகின்றன. அவற்றுள் 6 பாம்புகளில் குறி காணப்படுகிறது. 150-இல் 6 என்பது இருபத்தைந்தில் ஒன்று. குறியிட்டவை அப்பகுதியின் மொத்தத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்றாகிறது. ஆகவே மொத்தம் ஏறத்தாழ 5,000. இதே ஆறினை மறுபக்கமாகவும் படிக்கலாம். இருப்பது உறுதியாகத் தெரிந்த 200 பாம்புகளுள் 6 மீண்டும் கையில் சிக்கின, அதாவது நூற்றுக்கு மூன்று. இது பிடிப்போரின் திறன். குறி இல்லாமல் 150 என்ற எண்ணை மட்டும் வைத்திருந்தால் இரண்டில் ஒன்றும் கிடைத்திராது. குறி இருந்ததால் இரண்டும் தனித்தனியே கிடைக்கின்றன.

இக்கணக்கு நிறைவேற நிபந்தனைகள் உண்டு. பாம்பைப் பிடித்த இடத்திலேயே விட்டிருக்க வேண்டும், வேறோரிடத்தில் விட்டால் 200 என்ற தொடக்க எண்ணே பொய்யாகும். குறி மறையுமுன் மீளப்பிடித்தல் நிகழ வேண்டும். ஒருமுறை பிடிபட்ட பாம்பு பின்னர் எச்சரிக்கையாக ஒதுங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குறியுள்ள பாம்பைக் கண்டு அங்கேயே விட்டுவிட்டு வந்தாலும் அதைக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். சங்கத்தின் நோக்கம் நஞ்செடுத்தலே அன்றிக் கணக்கெடுத்தல் அன்று. ஆதலின் இந்நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்றால் அது சங்கத்தின் குறை ஆகாது. எனினும் சங்கத்தைப் பற்றி எழுத வரும் ஆய்வாளர் அக்குறியைக் கருணையின் சின்னமாக மட்டும் வருணித்துவிட்டு நகர்வது நம் முறையியற் பயிற்சியின் குறையே.

விலையாக மாறும் எண்

இது வெறும் கணக்குச் சிக்கல் அன்று. உறுப்பினர்களுக்குப் பணம் பாம்பின் வகைக்கேற்ப, ஒரு பாம்புக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படுகிறது. அனுமதியும் இத்தனை பாம்பு என்ற எண்ணிக்கையிலேயே வரையறுக்கப்படுகிறது. வயல்கள் மனைகளாகி, ஏரிக்கரைகள் சாலைகளாகி, எலியும் தவளையும் குறைந்த ஓராண்டில் ஒருவர் பாதிப் பாம்புகளையே கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண் மங்கவில்லை, கால் சோரவில்லை. வருமானம் மட்டும் பாதியாகிறது. சிவப்பு மணி எடுத்ததற்காக டெமிங்கிடம் கடிந்துரை பெற்ற தொழிலாளியின் நிலைதான் அது. மறுபுறம், இளையோர் இத்தொழிலுக்கு வராமையால் பிடிபடும் எண்ணிக்கை குறைந்தால், பாம்புகளே அருகிவிட்டன என்று முடிவுசெய்து அனுமதியைச் சுருக்கவும் அதே எண் இடம்தரும். இரு பிழைகளும் எதிரெதிர்த் திசையின. இரண்டின் இழப்பையும் ஏற்பவர் ஒருவரே.

நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சின் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்து செல்கிறது. இந்தியாவில் பாம்புக்கடியால் இறப்போர் எத்தனை பேர் என்பதே நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தோரை மட்டும் எண்ணிய பதிவேடுகள் மிகச் சிறிய எண்களைக் காட்டின. பத்துலட்சம் இறப்புகள் ஆய்வு என்று அழைக்கப்படும் பெருந்திட்டத்தில், இறந்தோரின் வீட்டாரிடம் பயிற்சிபெற்ற களப்பணியாளர் சென்று இறப்பின் சூழலைக் கேட்டு எழுத, அதனை மருத்துவர்கள் படித்துக் காரணத்தை முடிவுசெய்தனர். 2005-இல் மட்டும் ஏறத்தாழ 45,900 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2011-இல் அவ்வாய்வு அறிவித்தது. 2000 முதல் 2019 வரை 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்பது 2020-இல் வெளிவந்த மதிப்பீடு. வாய்மொழித் தரவு அறிவியலுக்கு ஆகாது என்று நம் துறைக் கருத்தரங்குகளில் சிலர் ஒதுங்கிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இங்கே பதிவேடு தவறவிட்டதை வாய்மொழியே எடுத்துக்கொடுத்தது. யாரைக் கேட்பது என்பதை மாதிரித் தேர்வு முறை முடிவுசெய்தது, கேட்டதை இருவேறு மருத்துவர்கள் தனித்தனியே மதிப்பிட்டனர். வேறுபாடு அவ்வளவுதான்.

பறவைகளை எண்ணுவோரும் இதே தடையைக் கடந்துள்ளனர். ஒரே காலையில் கொரட்டூர் ஏரிக்கரையில் புதியவர் ஒருவர் ஆறு வகைகளைக் காண்பார், பழகியவர் முப்பது வகைகளைக் காண்பார். ஏரி ஒன்றே. 2023-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, ஏறத்தாழ 30,000 பேர் பதிந்த 3 கோடிக் காட்சிகளைக் கொண்டு 942 வகைகளை மதிப்பிட்டது. பதிவோரின் திறனும் உழைப்பும் வேறுபடுவதை மறைக்காமல், ஒரு பட்டியலில் எத்தனை வகைகள் உள்ளன என்ற நீளத்தையே உழைப்பின் அளவாகக் கொண்டு கணக்கைத் திருத்தினர். காணாத பறவையும் அங்கே தரவாகிறது. நம் மரபறிவுக் கட்டுரைகளில் கிடைக்காத பாம்பு ஒருபோதும் இடம்பெறுவதில்லை. வெற்றிபெற்ற வேட்டைகளை மட்டும் தொகுத்தால் எவரும் தப்பாத வேட்டைக்காரராகவே தோன்றுவர்.

திறனை எண்ணால் அளப்பதே அத்திறனைச் சிறுமைப்படுத்துவது என்ற மறுப்பை என் நெறியாளர் உட்படப் பலர் எழுப்பினர். தர்ஸ்டனின் கருவிப்பெட்டி நினைவில் உள்ளவர்களுக்கு அவ்வச்சம் இயல்பு. ஆயினும் என் தந்தையாரின் வரைபடமும் அளவுதான். அதில் புள்ளி வைத்தவர் அவரே, கோட்டின் பொருளை அறிந்தவரும் அவரே. வரைபடம் அவருக்குச் சாட்சியாக நின்றது. "தப்பு என்மேல இல்ல, வர்ற இரும்புலதான் இருக்கு" என்று மேற்பார்வையாளரிடம் அதைக் காட்டி அவர் வாதிட்டதுண்டு. அளக்கப்படுவோர் கையில் அளவை இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள தொலைவு, அளத்தலுக்கும் அளக்காமைக்கும் உள்ள தொலைவைவிடப் பெரிது. இருளர் தம் தேடலை அவ்வாறு தாமே பதிந்துவந்தால், விலையையும் அனுமதியையும் பற்றிப் பேசும் மேசையில் காட்ட அவர்களிடம் ஒரு தாள் இருக்கும்.

முப்பது வினாக்கள் கொண்ட வினாநிரலைக் கைவிட்டேன். உரிய அனுமதியின்றிப் பாம்பைத் தொடுவது குற்றம் ஆதலின், தேடுவதும் அடையாளங்களைக் காண்பதும் மட்டுமே எங்கள் வேலை என்று பெரியவரோடும் அவர் மனைவியோடும் முன்னரே பேசிக்கொண்டோம். இப்போது என் களக்குறிப்பேட்டில் ஒவ்வொரு நடைக்கும் எட்டு நிரல்கள் உள்ளன: நாள், புறப்பட்ட பொழுது, திரும்பிய பொழுது, நிலம், மண்ணின் ஈரம், உடன்வந்தோர், தேடியது எது, கண்டது எது. முதல் ஐந்து நிரல்களின் தலைப்புகளை நான் எழுதினேன், ஆறாவதை அம்மூதாட்டி சேர்க்கச் சொன்னார். கடைசி நிரலில் பல நாள்கள் "ஒன்றும் இல்லை" என்றே உள்ளது. அவ்வாறு எழுதுவதற்கு அவர் முதலில் உடன்படவில்லை. "இல்லாததை ஏன் கண்ணு எழுதுற?" என்று கேட்டார். பெட்டியையும் மணிகளையும் பற்றிச் சொன்னேன். சற்றுநேரம் கழித்து, சென்ற மாசியில் தெற்குக் கரம்பில் மூன்று நாள் வெறுங்கையோடு திரும்பியதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.